நாய்களுக்கான வாய்வழி வலிநீக்கி மருந்துகளின் வரலாறு

நாய்களுக்கான வாய்வழி வலிநீக்கிகள் என்பவை, நாய்களின் மூட்டுவலி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, காயம், புற்றுநோய் போன்றவற்றால் வரும் வலியைக் குறைக்க மாத்திரையாகவோ திரவமாகவோ வாய்வழியே கொடுக்கப்படும் மருந்துகள் ஆகும். இன்று பயன்பாட்டிலுள்ளவற்றில் பெரும்பாலானவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. கார்ப்ரோஃபென், மெலாக்சிகம், ஃபிரோகாக்சிப் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

மனிதர்களுக்கான வலிநீக்கிகளை உருவாக்கும் ஆய்வுகளில் நாய்கள் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டன. ஆயினும் நாயின் வலியைப் போக்குவதற்கென்று சோதித்து, அளவு வகுத்து, பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தன. மனிதருக்கு நன்மை செய்யும் ஒரு மாத்திரை நாயின் உடலில் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பது இவ்வரலாற்றின் மையச் செய்தி. இதை அறியாமல் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் மாத்திரைகளால் நாய்கள் நஞ்சூட்டப்படுவது இன்றும் தொடர்கிறது.

விலங்கின் வலி பற்றிய பழைய கருத்துகள்

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட், விலங்குகளைத் தாமாக இயங்கும் பொறிகளுக்கு ஒப்பிட்டார். இவரைப் பின்பற்றியோரில் சிலர், அடிபட்ட விலங்கு எழுப்பும் ஒலி கடிகாரத்தின் ஓசையைப் போன்றதே என வாதிட்டனர். 1789இல் வெளியான தமது நூலில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தம் இதற்கு மாறான கேள்வியை முன்வைத்தார். விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதை விட்டுவிட்டு, அவற்றால் துன்பத்தை உணர முடியுமா என்று கேட்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

இதே காலத்தில் ஐரோப்பாவில் முறையான கால்நடை மருத்துவக் கல்வி தொடங்கியிருந்தது. குளோட் பூர்ஜெலா பிரான்சின் லியோன் நகரில் நிறுவிய பள்ளி 1762இல் மாணவர்களைச் சேர்த்தது. லண்டனில் 1791இல் ஒரு கல்லூரி உருவானது. இவற்றின் கவனம் படைக்கும் உழவுக்கும் போக்குவரத்துக்கும் தேவையான குதிரைகள் மீதும் மாடுகள் மீதுமே இருந்தது. நாய்க்கு மருத்துவம் பார்ப்பது தாழ்வான வேலையாகவே கருதப்பட்டது. டெலாபேர் பிளேன் என்பவர் 1817இல் நாய்களின் நோய்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டது அக்காலத்தில் அரிய முயற்சி.

19ஆம் நூற்றாண்டில் நாய்களுக்கு வாய்வழியே கொடுக்கப்பட்ட வலிநீக்கிகளில் அபினும் அதன் கரைசல்களும் முதன்மையானவை. இவற்றின் வீரியம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபட்டது. நாயின் எடைக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுக்கும் நம்பகமான அளவு எதுவும் அப்போது இல்லை.

வில்லோ மரப்பட்டையும் ஆஸ்பிரினும்

இன்றைய வலிநீக்கிகளின் தொடக்கம் வில்லோ மரப்பட்டையில் உள்ளது. இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், இப்பட்டைப் பொடி குளிர்காய்ச்சலைத் தணிப்பதாக 1763இல் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். 1828இல் மியூனிக் நகரில் யோகான் ஆந்திரேயாஸ் புக்னர் பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். இதிலிருந்து சாலிசிலிக் அமிலம் பெறப்பட்டது. வலியைக் குறைத்தாலும் அது வயிற்றைக் கடுமையாகப் புண்படுத்தியது. 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் ஹாஃப்மான், வயிற்றுக்கு ஓரளவு இணக்கமான அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய நிலையில் தயாரித்தார். 1899 முதல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மனிதர்களிடையே பரவிய ஆஸ்பிரின், அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் நாய்களுக்கும் கொடுக்கப்பட்டது. முடமாக நடக்கும் முதிய நாய்க்கு வேறு மருந்து ஏதும் கையில் இல்லாத காலம் அது. நாயின் உடலில் ஆஸ்பிரின் வலியைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அரிக்கும் தன்மை அங்கும் உண்டு. உள்நோக்கிக் கருவி கொண்டு நாய்களின் இரைப்பையைப் பார்த்த பிற்கால ஆய்வுகளில், வெளியே எந்த அறிகுறியும் காட்டாத நாய்களிலும் புண்கள் காணப்பட்டன. குடலில் கரையும்படி மேலுறையிடப்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகள் சில நாய்களில் கரையாமலேயே மலத்துடன் வெளியேறின. அமெரிக்காவில் ஆஸ்பிரினுக்கு நாய்களுக்கான முறையான ஒப்புதல் இதுவரை கிடைத்ததில்லை.

1949இல் மனிதர்களின் மூட்டுவாதத்துக்கு அறிமுகமான ஃபினைல்பியூட்டசோன், பின்னர் குதிரைகளுக்கும் நாய்களுக்கும் கொடுக்கப்பட்டது. எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவதை அது பாதிப்பது தெரியவந்ததும் மனித மருத்துவத்தில் அதன் பயன்பாடு பெரிதும் சுருங்கியது. நாய் மருத்துவத்திலும் பிற்கால மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன.

சோதனைக்கூட நாய்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், பூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஆடம்ஸ், ஜான் நிக்கல்சன் ஆகியோர் ஆஸ்பிரினைவிடப் பாதுகாப்பான மருந்தைத் தேடி இபுப்ரோஃபெனைக் கண்டறிந்தனர். பிரிட்டனில் அது 1969இல் மருத்துவர் சீட்டின் பேரில் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் இம்மருந்து எலிகளிலும் நாய்களிலும் சோதிக்கப்பட்டது. ஆடம்சும் உடன் பணியாற்றியோரும் அதே ஆண்டு வெளியிட்ட முடிவுகளில் ஒரு செய்தி தெளிவாக இருந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 8 மி.கி. வீதம் நாள்தோறும் 30 நாட்கள் கொடுக்கப்பட்ட நாய்களுக்குச் செரிமானப் பாதையில் புண்கள் உண்டாயின. எலிகள் இதைவிட மிக அதிக அளவுகளைத் தாங்கின.

மனித மருந்தை உருவாக்குவோருக்கு இது, நாய் இம்மருந்தால் எளிதில் பாதிக்கப்படும் உயிரினம் என்ற குறிப்பு. நாய் வளர்ப்போருக்கு இதுவே முக்கியமான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை ஆய்விதழின் பக்கங்களைத் தாண்டி வீடுகளுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. இதற்கிடையே பல நாடுகளில் இபுப்ரோஃபென் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மாத்திரையாக மாறி, வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்தது.

1971இல் ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்ற புதிர் அவிழ்ந்தது. லண்டனில் ஜான் வேன் தலைமையிலான குழு, ஆஸ்பிரினும் அதைப் போன்ற மருந்துகளும் புரோஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டியது. அக்குழுவைச் சேர்ந்த செர்ஜியோ ஃபெரேரா, சால்வடோர் மொன்காடா ஆகியோர் வேனுடன் இணைந்து வெளியிட்ட சான்று, உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நாயின் மண்ணீரலில் செய்த சோதனையிலிருந்து கிடைத்தது. இக்கண்டுபிடிப்புக்காக வேன், சூனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோருடன் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புரோஸ்டகிளாண்டின்கள் அழற்சியையும் வலியையும் கூட்டுகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் தொடர்ந்து செல்லவும் உதவுகின்றன. ஆகவே வலியைக் குறைக்கும் மருந்தே வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிப்பதன் காரணம் விளங்கியது. இவற்றை உருவாக்கும் காக்ஸ் நொதி இரு வகைப்படும் என்பது 1991இல் உறுதியானது. காக்ஸ்-1 பெரும்பாலும் அன்றாடப் பாதுகாப்பு வேலைகளையும், காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி சார்ந்த வேலைகளையும் செய்கின்றன. இப்பிரிவினை முழுமையானது அல்ல என்பது பின்னர் தெரிந்தாலும், காக்ஸ்-2ஐ மட்டும் கூடுதலாகத் தடுக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சிக்கு அது வழிவகுத்தது.

ஒரே மருந்து, வேறு உடல்

நாயைச் சிறிய மனிதனாகக் கருதி, எடைக்கேற்ப மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் போதும் என்பது பரவலான தவறான எண்ணம். எடை வேறுபாடு சிக்கலின் ஒரு பகுதி மட்டுமே. ஒரு மருந்தை உடல் எவ்வளவு நேரத்தில், எந்த வழியில் சிதைத்து வெளியேற்றுகிறது என்பதும் உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது.

நாப்ராக்சென் என்னும் வலிநீக்கியின் அளவு மனித இரத்தத்தில் பாதியாகக் குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகிறது. நாயில் இதற்கு ஏறத்தாழ 74 மணி நேரம், அதாவது மூன்று நாட்கள் தேவைப்படுகின்றன. நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுத்தால், முந்தைய மாத்திரை வெளியேறும் முன்பே அடுத்தது சேர்ந்துவிடும். இபுப்ரோஃபென் பித்தநீருடன் குடலுக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது. இச்சுழற்சி நாயில் மிகுதியாக நடப்பதால் குடற்சுவர் மருந்துடன் நீண்ட நேரம் தொடர்பில் இருக்கிறது.

பாராசிட்டமால் பெரும்பாலும் கல்லீரலில் சிதைக்கப்படுகிறது. அளவு மிகும்போது உருவாகும் நச்சுப்பொருள் கல்லீரல் செல்களை அழிக்கிறது. மேலும், மனிதர்களில் சில வேதிப்பொருட்களை மாற்றியமைக்கும் அசிட்டைல் ஏற்றும் நொதி நாய்களில் இல்லை. இதனால் பாராசிட்டமாலிலிருந்து பிரியும் ஒரு பொருள் சிவப்பணுக்களைத் தாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கும் அவற்றின் திறனைக் கெடுக்கிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறுவது இதன் அடையாளம். பூனைகளின் நிலை இதைவிட மோசம். பாராசிட்டமாலைச் சிதைக்கும் முதன்மை வழி அவற்றில் செயலற்றிருப்பதால், ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

சில எளிய கணக்குகள் இந்த இடர்களைத் தெளிவுபடுத்தும்.

10 கிலோ எடையுள்ள நாய்க்கு 400 மி.கி. இபுப்ரோஃபென் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால், கிலோவுக்கு 40 மி.கி. சேர்கிறது. இது 1969 ஆய்வில் தொடர்ந்து கொடுத்தபோது புண்களை உண்டாக்கிய நாளளவைப்போல் ஐந்து மடங்கு.

5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு, காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால், கிலோவுக்கு 130 மி.கி. சேர்கிறது. கிலோவுக்கு 100 மி.கி. அளவிலேயே நாய்களில் நச்சு விளைவுகள் எதிர்பார்க்கப்படுகின்றன.

மெலாக்சிகம் நாய்களுக்கு ஒப்புதல் பெற்ற மருந்து. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அதன் பின் நாளுக்கு 0.1 மி.கி. என்பது வழக்கமான அளவு. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 1 மி.கி. போதும். மனிதர்களுக்கான 15 மி.கி. மாத்திரை ஒன்று அந்த நாய்க்குப் பதினைந்து நாள் மருந்துக்குச் சமம்.

மூன்றாவது எடுத்துக்காட்டு தனிக் கவனத்துக்கு உரியது. மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதே இங்கு ஏமாற்றும் காரணியாகிறது. மருத்துவர் எழுதிய பெயரை மட்டும் நினைவில் வைத்து, அடுத்த முறை மனிதர்களுக்கான மருந்துக்கடையில் அதே பெயருள்ள மாத்திரையை வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது.

வலியை ஏற்றுக்கொண்ட பத்தாண்டுகள்

மருந்துகளின் வரவு மட்டும் போதுமானதாக இல்லை. நாய்க்கு வலிக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நிலைபெறவும் காலம் பிடித்தது. அறுவைக்குப் பின் வலி இருந்தால்தான் விலங்கு அசையாமல் படுத்திருக்கும், காயம் ஆறும் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கற்பிக்கப்பட்டது.

இந்தியாவில் இதற்கான சட்டத் தொடக்கம் ஒரு தமிழ்ப் பெண்மணியுடன் தொடர்புடையது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்க 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை அடுத்து அது திரும்பப் பெறப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. விலங்குகளுக்குத் தேவையற்ற வலியோ துன்பமோ விளைவிப்பதைத் தடுப்பது அச்சட்டத்தின் நோக்கம். அதன்கீழ் 1962இல் சென்னையில் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணி தேவி பொறுப்பேற்றார்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின், ஆய்வகங்களில் விலங்குகளின் வலிக்கு மருந்து கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் எனப் போராடினார். 1985இல் அங்கு நிறைவேறிய சட்டங்கள் இக்கோரிக்கையை ஏற்றன. விலங்குகளின் வலியை அறிவியல் எவ்வாறு கண்டுகொள்ளாமல் விட்டது என்பதை விளக்கும் அவரது நூல் 1989இல் வெளியானது.

1990களின் நடுவில் கனடாவில் கால்நடை மருத்துவர்களிடையே ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் அறுவைக்குப் பின் வலிநீக்கி கொடுக்கும் வழக்கம் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இல்லை என்பது அதில் தெரிந்தது. வலியை அளக்கும் முறை இல்லாதது இதற்கு ஒரு காரணம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்குறையைத் தீர்க்க முனைந்தனர். நாயின் குரல், காயத்தைக் கவனிக்கும் விதம், நடை, தொட்டால் காட்டும் எதிர்வினை, மனநிலை, உடல் நிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் அளவுகோல் ஒன்றை அவர்கள் 2001இல் வெளியிட்டனர். 2007இல் அதன் சுருக்க வடிவம் வந்தது. இதில் மொத்தமுள்ள 24இல் 6 மதிப்பெண்ணை எட்டும் நாய்க்குக் கூடுதல் வலிநீக்கி தேவையா என்று பார்க்க வேண்டும். வலியைப் பார்ப்பவரின் உள்ளுணர்வுக்கு விடாமல், இருவர் ஒப்பிட்டுப் பேசக்கூடிய எண்ணாக மாற்றியது இதன் பயன்.

கார்ப்ரோஃபெனும் அது கற்பித்ததும்

கார்ப்ரோஃபென் முதலில் மனிதர்களுக்கான மருந்தாகவே உருவாக்கப்பட்டது. 1980களில் சில நாடுகளில் விற்கப்பட்டு, பின்னர் வணிகக் காரணங்களால் மனிதச் சந்தையிலிருந்து விலகியது. நாயின் உடலுக்கு அது பொருந்துவதும், காக்ஸ்-1ஐக் காட்டிலும் காக்ஸ்-2ஐ மிகுதியாகத் தடுப்பதும் கவனத்தை ஈர்த்தன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996 அக்டோபரில் நாய்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு இதை அனுமதித்தது. 1997 தொடக்கத்தில் ரிமாடில் என்ற பெயரில் ஃபைசர் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எழுந்து நிற்கவே தயங்கிய முதிய நாய்கள் மீண்டும் மாடிப்படி ஏறின. மருந்தின் பயன்பாடு வேகமாகப் பரவியது.

ஒப்புதலுக்கு முந்தைய சோதனைகளில் இடம்பெற்ற நாய்களின் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டாது. இலட்சக்கணக்கான நாய்களுக்குக் கொடுக்கப்பட்டபோதுதான் அரிய பக்கவிளைவுகள் வெளிப்பட்டன. கார்ப்ரோஃபென் கொடுக்கப்பட்டபின் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளான 21 நாய்களைப் பற்றிய ஆய்வு 1998இல் வெளியானது. அவற்றில் 13 நாய்கள் லாப்ரடார் இனத்தைச் சேர்ந்தவை. லாப்ரடார்களில் மூட்டு நோய் மிகுதி என்பதால் அவற்றுக்கே மருந்து அதிகம் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. எவ்வாறாயினும், மருந்து தொடங்கும் முன் இரத்தச் சோதனை செய்வதும், தொடங்கிய சில வாரங்களில் கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டை மீண்டும் பார்ப்பதும் இதன்பின் வழக்கமாயின.

தங்கள் நாய்களை இழந்த உரிமையாளர்களின் முறையீடுகள் செய்தித்தாள்கள் வரையிலும் நீதிமன்றம் வரையிலும் சென்றன. எந்த அறிகுறி தோன்றினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவர்களின் முதன்மைக் குறை. அமெரிக்காவில் மருந்தின் விவரச்சீட்டு திருத்தப்பட்டது. அரிதாக மரணம் நேரலாம் என்பது அதில் சேர்க்கப்பட்டது. எளிய மொழியில் உரிமையாளருக்கென எழுதப்பட்ட தகவல் தாள், நாய்களுக்கான இவ்வகை மாத்திரைகளுடன் வழங்கப்படலாயிற்று. வாந்தி, பசியின்மை, கறுப்பு நிறத் தார் போன்ற மலம், மிகுந்த தாகம், சோர்வு, கண்ணும் ஈறும் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும் என்பது அத்தாளின் சாரம்.

பின்வந்த மருந்துகள்

1998இல் எட்டோடோலாக், 2002இல் டெராகாக்சிப், 2003இல் மெலாக்சிகம் திரவம், 2004இல் ஃபிரோகாக்சிப் ஆகியவை அமெரிக்காவில் நாய்களுக்கு ஒப்புதல் பெற்றன. மெலாக்சிகம் ஐரோப்பாவில் அதற்கு முன்பே நாய்களுக்குப் பயன்பட்டு வந்தது. 2016இல் ஒப்புதல் பெற்ற கிராபிபிரான்ட் வேறு வழியில் செயல்படுகிறது. புரோஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்காமல், வலியைக் கடத்தும் ஏற்பி ஒன்றில் அது சென்று இணைவதை மட்டும் தடுக்கிறது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. மனிதர்களுக்கான டிரமடால், பாதுகாப்பான மாற்று எனக் கருதப்பட்டு நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொடுக்கப்பட்டது. மனித உடல் டிரமடாலை வீரியமிக்க மற்றொரு பொருளாக மாற்றுகிறது. நாயின் உடலில் அப்பொருள் மிகக் குறைவாகவே உருவாகிறது. 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மூட்டுத் தேய்மானம் கொண்ட நாய்களில் டிரமடால் வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாக இல்லை, கார்ப்ரோஃபென் பயன் தந்தது. தவறான மருந்தால் நாய்க்கு நஞ்சேறுவது ஒரு வகைத் தீங்கு. மருந்து கொடுத்துவிட்டோம் என்று வீட்டார் நம்பியிருக்க, நாய் வலியிலேயே கிடப்பது இன்னொரு வகை.

மறுபுறம், மனித மருந்து அனைத்தும் விலக்கப்பட்டவை என்றும் கொள்ள முடியாது. பிரிட்டனில் பாராசிட்டமாலும் கோடீனும் சேர்ந்த மாத்திரை ஒன்று நாய்களுக்கென உரிமம் பெற்றுள்ளது. அதன் அளவும், ஐந்து நாட்கள் வரை என்ற கால வரம்பும் நாய்க்கென வகுக்கப்பட்டவை.

உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம், வலியைக் கண்டறிதல், அளத்தல், மருந்தளித்தல் பற்றிய வழிகாட்டியை 2014இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்தது.

இந்தியாவும் பிணந்தின்னிக் கழுகுகளும்

ஓர் உயிரினத்துக்கு ஏற்ற வலிநீக்கி இன்னோர் உயிரினத்தைக் கொல்லும் என்பதற்கு உலகிலேயே பெரிய சான்று இந்தியத் துணைக்கண்டத்தில் நிகழ்ந்தது. 1990களில் மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்ளோஃபெனாக் மிக மலிவாகக் கிடைத்தது. மருந்தேற்றப்பட்ட சில நாட்களில் இறந்த மாடுகளை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழி இக்காரணம் உறுதியாகி 2004இல் வெளியிடப்பட்டது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருந்தது. தெருவில் எஞ்சிய பிணங்கள் தெருநாய்களுக்கு இரையாகி, நாய்களின் பெருக்கத்துக்கும் வழிவகுத்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

2006இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. கழுகுகளுக்குத் தீங்கற்றது எனச் சோதனைகளில் உறுதியான மெலாக்சிகம் மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் குப்பியின் அளவு 3 மி.லி.க்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்யப்பட்டன. தென்னிந்தியாவில் எஞ்சியுள்ள கழுகுகள் வாழும் முக்கிய இடங்களில் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கு ஒன்று.

டைக்ளோஃபெனாக் நாய்களுக்கும் ஏற்றதல்ல. அது அவற்றின் இரைப்பையிலும் குடலிலும் இரத்தம் கசியும் புண்களை உண்டாக்கும்.

வரலாற்றிலிருந்து உருவான நடைமுறைகள்

இன்று கால்நடை மருத்துவர்கள் பின்பற்றச் சொல்லும் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேற்கண்ட பட்டறிவு உள்ளது.

நாயை மருத்துவர் பார்த்த பின்பே வலிநீக்கி தொடங்கப்பட வேண்டும். வலியில் உள்ள நாய் பெரும்பாலும் கத்துவதில்லை. எழத் தயங்குதல், படியேற மறுத்தல், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருத்தல், தொட்டால் சீறுதல், உணவை விட்டு ஒதுங்குதல் ஆகியவை வலியின் அறிகுறிகளாக இருக்கலாம்.

அளவு நாயின் தற்போதைய எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வீட்டில் எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பின் தனியாக நின்று, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கலாம். திரவ மருந்தை அதனுடன் வரும் அளவுக் குழலிலேயே எடுக்க வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது.

இவ்வகை மருந்துகள் பொதுவாக உணவுடன் கொடுக்கப்படுகின்றன. மாத்திரையை இட்லித் துண்டிலோ வேகவைத்த கோழித் துண்டிலோ பொதித்துக் கொடுக்கலாம். முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்று, அடுத்து மருந்துள்ளது, உடனே மூன்றாவது துண்டு என்று கொடுத்தால் நாய் மெல்லாமல் விழுங்கும். உண்ண மறுக்கும் நாய்க்கு மேல்தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, நாவின் பின்பகுதியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையை மெல்ல நீவிவிட வேண்டும். பின்னர் சிறிது தண்ணீர் குடிக்கச் செய்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்காது. மேலுறையிட்ட மாத்திரைகளையும், மெல்லக் கரையும் வகைகளையும் கேட்காமல் பொடிக்கக் கூடாது. சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்களுக்குக் கொடிய நஞ்சு. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் அது கலந்திருக்கும்.

ஒரே நேரத்தில் இரு வலிநீக்கிகளையோ, வலிநீக்கியுடன் ஸ்டீராய்டு மருந்தையோ சேர்ப்பது வயிற்றுப் புண்ணுக்கும் துளைக்கும் வழிவகுக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது சில நாட்கள் இடைவெளி விடப்படுவது இதனாலேயே. முன்பு வீட்டில் ஆஸ்பிரினோ வேறு மாத்திரையோ கொடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயில் ஆகியவற்றால் நீரிழந்த நாய்க்கு இம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அந்நாட்களில் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும்.

காலையில் ஒருவர் கொடுத்ததை அறியாமல் இன்னொருவர் மீண்டும் கொடுப்பது வீடுகளில் அடிக்கடி நேர்கிறது. நாட்காட்டியில் குறித்துவைப்பது எளிய தீர்வு. ஈரல் சுவையூட்டப்பட்ட மாத்திரைகளை நாய்கள் டப்பாவைக் கடித்துத் திறந்து மொத்தமாகத் தின்றுவிடுவதும் உண்டு. அவற்றை உயரத்தில், மூடிய அலமாரியில் வைக்க வேண்டும்.

நாய் தவறுதலாக மாத்திரைகளைத் தின்றுவிட்டால் அறிகுறி தோன்றும் வரை காத்திருக்கக் கூடாது. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்கச் செய்வது தனியொரு நஞ்சாகிவிடும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாராசிட்டமால் நஞ்சுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து உள்ளது. இபுப்ரோஃபெனுக்கு அத்தகைய முறிமருந்து இல்லை, ஆகவே அங்கு விரைவாகத் தொடங்கும் சிகிச்சையே முதன்மையானது.

தமிழ்நாட்டில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையிலும், அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் நாய்களுக்குச் சிகிச்சை பெறலாம். மனிதரின் வலிக்காக நாயின் உடலில் மருந்துகள் சோதிக்கப்பட்ட காலத்திலேயே, நாய்க்கு எது தீங்கு என்பது பெருமளவு தெரிந்திருந்தது. அந்த அறிவு நாய் வளர்ப்பவரின் கைக்கு வந்து சேர்வதே, மாத்திரையைப் பாதுகாப்பாகக் கொடுப்பதன் முதற்படி.